தங்கை வீட்டு ஹீட்டர்

இந்தக் குளிர் நாட்டில் என் வீட்டுக்காரர், கேஸில் எரிந்து வீடு முழுவதையும் சூடாக்கும் ஹீட்டர், ஏசி எல்லாம் போடும் கான்ட்ராக்டர். லைசென்ஸ் வாங்கி நடத்துகிறவர். அந்த லைசென்ஸுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடையில் எங்கள் கல்யாணப் போட்டோவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். போன் எடுப்பது, சரக்குக்குச் சொல்வது, கோபக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் நான். வெயில் காலத்தில் ஏசி ஓடவில்லை என்று திட்டு, குளிரில் ஹீட்டர் எரியவில்லை என்று திட்டு. சும்மா நலம் விசாரிக்க எங்களை யாரும் கூப்பிட்டதில்லை.

அவருடைய தங்கை மட்டும் விதிவிலக்கு. "அண்ணி, சாப்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாள். குளிர் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டு, வீட்டு ஹீட்டர் கடகடவென்று சத்தம் போடுகிறது, அண்ணனை ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றாள். நானும் கூடப் போனேன்.

கீழ்த்தளத்து அறையில் டார்ச்சை வைத்துக்கொண்டு குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. உள்ளே நெருப்பு எரியும் இரும்புப் பெட்டியில் விரிசல். அதன் வழியே கசியும் விஷவாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். இப்படி ஒன்றைக் கண்டால் லைசென்ஸ்காரர் கேஸை அடைத்து, சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். புது ஹீட்டர் போடும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. தங்கை வீடாயிற்றே என்று இவர் பார்க்கவில்லை. கட்டிவிட்டார்.

தங்கை கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சத்தத்தை நிறுத்தக் கூப்பிட்டால் ஹீட்டரையே மாற்றச் சொல்கிறாரே, சொந்தக்காரர்களிடமுமா வியாபாரம் என்று என் காதில் விழும்படி சொன்னார். என் செலவிலேயே போட்டுத் தருகிறேன் மாப்பிள்ளை என்று இவர் சொல்லிவிட்டார். அங்கேதான் காரியம் கெட்டது. ஓசியில் வாங்கிப் போடும் நிலைமையில் நான் இல்லை என்று மாப்பிள்ளை குதித்தார். புது ஹீட்டர் வரும்வரை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நான் கூப்பிட்டேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த தங்கை, தன் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஊரே நடுங்கிக்கொண்டிருந்ததால் எந்தக் கிடங்கிலும் சரக்கு இல்லை. போன் போட்டுப் போட்டு எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம். கடையிலிருந்த சின்ன கரண்ட் ஹீட்டர்களை அள்ளி வேனில் போட்டுக்கொண்டு அன்று சாயங்காலமே திரும்பிப் போனோம். வண்டியை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். வீட்டின் பக்கச் சுவரிலிருந்த ஹீட்டர் புகைக்குழாயில் ஆவி வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. யாரோ அட்டையை அவிழ்த்துவிட்டு ஹீட்டரைப் பற்றவைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, மாப்பிள்ளைதான்.

பெல் அடித்தார், கதவைத் தட்டினார். மாடி ஜன்னலில் தங்கை குழந்தையோடு வந்து நின்றாள். ஜன்னலையாவது திறக்கச் சொல்லி இவர் கையைக் காட்டினார். அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு திரையை இழுத்து மூடியது. கடைசியில் இவர் கேஸ் கம்பெனிக்கே போன் செய்தார். லைசென்ஸ் நம்பரைக் கேட்டுக்கொண்ட பெண், அந்த வீட்டுக்காரர்களுக்கு நீங்கள் உறவா என்றும் கேட்டாள்.

"நான் கான்ட்ராக்டர்மா. உள்ள குழந்தை இருக்கு, சீக்கிரம் ஆள் அனுப்புங்க" என்றார்.

ஆட்கள் வந்து தெருவிலேயே கேஸைத் துண்டித்தார்கள். தன் கணவரின் நண்பர் வீட்டுக்குக் கிளம்பிய தங்கை, போர்வையில் சுற்றிய குழந்தையோடு எங்களைத் தாண்டிப் போனாள். "ஊர் பாக்க எங்கள தெருவுல நிறுத்திட்டியே அண்ணா. இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத." இவர் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு இவர் மேலேயும் கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் நயமாகப் பேசியிருக்கலாம். என்ன பேசியிருக்கலாம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது.

புது ஹீட்டரை வேறொரு கம்பெனிதான் போட்டது. அந்த முதலாளி எங்களுக்குத் தெரிந்தவர். இவர் என்னைப் போன் செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். புகைக்குழாய் சரியாகப் பொருந்தியதா, கசிவு பார்த்தீர்களா என்று சொல்லிக்கொடுத்தபடி எல்லாம் கேட்டேன். எல்லாம் பார்த்தாயிற்றாம். போனை வைக்கப் போனபோது இவர் என் கையைப் பிடித்தார்.

"குழந்த படுக்கிற ரூமுக்கு நல்லா சூடு வருதான்னு கேளு."

கேட்டேன். அது எனக்கெப்படித் தெரியும், உங்கள் நாத்தனாரைத்தானே கேட்க வேண்டும் என்றார் அந்த முதலாளி.