இலையை எதிர்ப்பக்கமா மடிச்சேன்

இன்னிக்கு மதியம் ஆவடி ஸ்டேஷன் பக்கத்துல ஒரு மெஸ்ல மீல்ஸ் சாப்பிட்டேன். சாப்பிட்டேன்னு சொல்றது கொஞ்சம் பெரிய வார்த்தைதான்.

ஊத்தின சாம்பார் சோத்துல நிக்காம நேரா இலை ஓரத்துக்குப் போய், அங்கிருந்து என் பேன்ட்டுக்கு வந்துடுச்சு. தேடிப் பார்த்தேன், ஒரு பருப்பு கூட இல்ல.

"இன்னும் கொஞ்சம் கூட்டு"ன்னு மூணு தடவை கேட்டேன். சப்ளையர் அண்ணன் மூணு தடவையும் "வருது சார்"னு சொல்லிட்டு ரசத்தோட வந்தார்.

வாயைத் திறந்து சண்டை போடற தைரியம் எனக்குக் கிடையாது. அதனால எழுந்திருக்கும்போது இலையை எதிர்ப்பக்கமா மடிச்சு வச்சேன். சாவு வீட்டுலதானே அப்படி மடிப்பாங்க, புரியட்டும்னு.

அண்ணனுக்குப் புரிஞ்சுது. வாளியைக் கீழ வச்சுட்டு, குரலைத் தாழ்த்தி, "இன்னா சார், யாரு தவறிட்டாங்க?"ன்னு கேட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் வீரம் வந்துச்சோ. "உங்க சாம்பார்தாண்ணே. பருப்பைப் பிரிஞ்ச துக்கம் தாங்காம போயிடுச்சு"ன்னேன்.

பக்கத்து டேபிள்காரங்க சாப்பிடறதை நிறுத்திட்டு அவரையே பார்த்தாங்க.

அவர் சிரிக்கவே இல்ல. தோள்ல கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டார்.

"காத்தால இட்லிக்கு ஊத்தசொல்லோ கூட நல்லாத்தான் சார் இருந்துச்சு. இன்னா பண்றது. பதினாறாம் நாள் காரியம் இங்கதான், மறக்காம வந்துடு சார்."

போகலாம்னு இருக்கேன். கூட வர்றவங்க கமென்ட்ல பேர் குடுங்க. கூட்டுக்கு இப்பவே சொல்லி வச்சாதான் அன்னிக்கு வரும்.