மரக்காணத்திலிருந்து பம்பாய்க்கு ஒரு பூனைக் கூடை

1974 மே மாதம், வேலைநிறுத்தத்தால் ரயில்கள் ஓடாமல் நின்ற நாட்களில், நான் பம்பாயில் வேலைக்குச் சேர வேண்டியிருந்தது. ரசாயனம் படித்தவள், எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். ரயில் ஓடும்வரை காத்திருக்க முடியாது என்று கம்பெனி விமான டிக்கெட்டையே அனுப்பிவிட்டது. தெருவே வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. எனக்கு ஒரே கவலைதான்: கோணியை ஏற்றுவார்களா?

கோணி என் பூனை. உப்புக் கிடங்கில், சாக்குகளுக்கு நடுவே கண் திறக்காத குட்டியாகக் கிடைத்தது. அதனால் அந்தப் பெயர். அம்மா போன பிறகு வீட்டில் நான் வாய்விட்டுப் பேசுவது அதனிடம் மட்டும்தான். தெரியாத ஊருக்குத் தனியாகப் போக எனக்குத் துணிவில்லை. அது வந்தால்தான் போவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பம்பாயில் அறை தருவதாகச் சொன்ன அம்மாளும் பூனை இருந்தால் பரவாயில்லை என்று எழுதியிருந்தார்.

விதிகளைத் தெரிந்துகொள்ள மெட்ராஸ் விமான ஆபீசுக்கு ட்ரங்க் கால் போட்டேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது, ஆனால் அன்று கத்த வேண்டியிருந்தது. தபாலாபீசில் நின்ற அத்தனை பேரும் என் பூனையின் விவரத்தைக் கேட்டார்கள். அவர்கள் எனக்குச் சொன்னது இதுதான்: ஒரு விமானத்தில் ஒரு பிராணிதான் பயணிகளோடு வரலாம், முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். மாட்டாஸ்பத்திரி டாக்டரின் சான்றிதழ் வேண்டும். கூடை மூடியோடு, இருக்கைக்கு அடியில் நுழைகிற அளவில் இருக்க வேண்டும். அடியில் எதுவும் ஒழுகக் கூடாது. கூடையும் பிராணியும் சேர்ந்து ஐந்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தாலும் கடைசி வார்த்தை விமானியுடையது.

பனையோலைக் கூடை முடையச் சொன்னோம். முந்தின நாள் மாலை மளிகைக் கடைத் தராசில் கோணியோடு நிறுத்தபோது மூன்றேமுக்கால் கிலோ. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஆறேகால் பஸ். அப்பா அதற்குள் உப்பளத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார். நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அவரே கூடையில் சாக்கு விரித்து, பூனையை வைத்து, மூடியைக் கட்டிவிட்டார். திண்டிவனம் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகளில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளைக் குவியல்கள் மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

கண்டக்டர் கூடையைத் தட்டினார். "இன்னாமா இது, கோழியா?"

அப்பா, "பூனைங்க. ஏரோப்ளேன்ல பம்பாய் போவுது" என்றார்.

"ஏம்பா, பூனை குறுக்க வந்தாலே வண்டிய நிறுத்துவாங்க. நீ டிக்கெட் குடுத்து ஏத்திக்கினு வர்றியே?"

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திண்டிவனத்தில் மாறி, மெட்ராஸ் பஸ்ஸில் மீனம்பாக்கத்தில் இறங்கும்போது பதினொன்று. நகருக்குள் போக வேண்டாம். விமான நிலையம் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. அப்பாவைக் கம்பித் தடுப்போடு நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் கவுன்டருக்குப் போனேன்.

தராசு முள் ஐந்தரையில் நின்றது. அதோடு, கூடையின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"பூனை ஈரம் பண்ணிடுச்சும்மா. இப்படி உள்ள விட முடியாது" என்றார் கவுன்டரில் இருந்தவர்.

கோணியைத் தூக்கிக்கொண்டு சாக்கை விலக்கினேன். அடியில் ஒரு படி உப்பு. அன்று காலை வாரிய, நீர் வடியாத புது உப்பு.

"உப்புங்க. எங்க ஊரு மரக்காணம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னாம்மா, போற வழியிலயே பூனைய கருவாடு போடப் போறியா?" என்று சிரித்தார். பிறகு, இருபது நிமிஷம் இருக்கிறது, காலி செய்து துடைத்துக் கொண்டுவந்தால் விமானியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

ஈரத்தை இழுக்கத்தான் அப்பா போட்டிருப்பார் என்று நினைத்தேன். புது உப்பு தானே தண்ணீர் விடும் என்று நாற்பது வருஷம் உப்பு வாரியவருக்குத் தெரியாதா என்று எரிச்சலாகவும் இருந்தது. குப்பைத் தொட்டிக்கு மேல் கூடையைச் சாய்த்தபோது உப்போடு ஒரு மஞ்சள் கிழங்கு உருண்டு வந்தது.

எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குள் முதலில் போவது உப்பும் மஞ்சளும்தான். மற்றதெல்லாம் பிறகு. பம்பாய் அறைக்கு வந்து அதை வைக்க எனக்கு யார் இருக்கிறார்கள்? எடை கூடும், எதுவும் தராதீர்கள் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

கூடையைச் சாய்த்தபடியே நின்றுவிட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"கொட்டிடு பாப்பா" என்றார். "பூனை உன்கூட வரணும்."

கொட்டினேன். மஞ்சளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். கூடை சரியாக மூன்றேமுக்கால் காட்டியது. விமானி சம்மதித்தார். கோணிக்குத் தனிக் கட்டணமாக இருபத்தோரு ரூபாய். பயணம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கோணி ஒரு முறைதான் கத்தியது. விமானம் கிளம்பியதும் வெள்ளைப் பாத்திகளைத் தேடினேன். நாங்கள் மேற்கே திரும்பினோம். மரக்காணம் தெற்கே இருக்கிறது. கண்ணில் படாது என்று தெரிந்தும், வெறும் மேகமாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பம்பாயில் மஞ்சளை முதலில் வைத்தேன். கூடையைக் கவிழ்த்துத் தட்டியதில் ஓலை இடுக்குகளிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு விழுந்தது. அதையும் பக்கத்தில் வைத்தேன்.

பூனையோடு போகிறவர்களுக்கு: சான்றிதழைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், கையில் வையுங்கள். காலையில் பால் கொடுக்க வேண்டாம். கூடையைப் புறப்படும் நாள் காலையில் இன்னொரு முறை நிறுத்துப் பாருங்கள். வேறு யாராவது கட்டிக் கொடுத்திருந்தால், அடியில் கைவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, ஏன் உப்பு போட்டீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். பூனை நனைச்சிட்டா ஈரம் இழுக்கட்டும்னுதான் என்றார். மஞ்சள் எதற்கு என்று நான் கேட்கவில்லை. திரும்பும்போது கையில் ஒரு படி கொடுத்தார். இந்த முறை, நன்றாக வடிந்த பழைய உப்பு.