நல்ல தண்ணீர் டம்ளர்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கென்ன வேண்டுதலா? எதிர் வீட்டு ஓவியக்காரி தன் வாயால் என்னிடம் சொன்னது இது. கடைசியில் நடந்ததை நானே பார்த்தேன்.

அவள் தங்கை வெளியூர் போனபோது, பஞ்சு என்கிற தன் வெள்ளை நாயை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனாள். அது குரைத்த குரைப்பில் இவளுக்கு வேலை ஓடவில்லை. மொட்டைமாடி அறையில் தள்ளித் தாழ் போட்டாள். பிறகு வேலை விஷயமாக இரண்டு நாள் வெளியூர் போய்விட்டாள். நாயைச் சுத்தமாக மறந்தே போனாள். கொளுத்துகிற வெயில். வந்து திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"கேட் திறந்திருந்துச்சு, ஓடிப்போச்சுடி" என்று தங்கையிடம் வாய் கூசாமல் சொன்னாள்.

தங்கை நம்பிவிட்டாள், பாவம். தினமும் சாயங்காலம் தெருத்தெருவாக "பஞ்சு... பஞ்சு..." என்று கூப்பிட்டுக்கொண்டு அலைந்தாள். உண்மை தெரிந்தால் இந்த ஜென்மத்தில் தன் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று அக்காவுக்குத் தெரியும். பஞ்சுவைப் படமாக வரைந்து கையில் கொடுத்துவிட்டால், அழுது தீர்த்துவிட்டுத் தேடுவதை நிறுத்திவிடுவாள் என்று கணக்குப் போட்டாள்.

வாட்டர் கலரில் வரைகிறவர்கள் பக்கத்தில் இரண்டு டம்ளர் வைத்துக்கொள்வார்கள். ஒன்று பிரஷ் கழுவ. இன்னொன்று கலர் கரைக்க, நல்ல தண்ணீர். வரைய உட்கார்ந்த முதல் நாள் மத்தியானம் திரும்பிப் பார்த்தால் நல்ல தண்ணீர் டம்ளர் காலி. அழுக்குத் தண்ணீர் அப்படியே இருந்தது.

நிரப்பினாள். போன் பேசிவிட்டு வந்தாள். மறுபடி காலி.

இன்னொரு தடவை நிரப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்தாள்.

சளப்... சளப்... சளப்...

ஒரு வழியாக வரைந்து முடித்தாள். படத்தில் பஞ்சு வாயை மூடிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் காகிதம் சுற்றினாள்.

தங்கை வீட்டில் பிரித்தார்கள்.

"நாக்கை ஏன்க்கா தொங்க விட்டிருக்கே?"

கறுத்து, வறண்டு, வெடித்த நாக்கு. அக்கா வரைந்ததல்ல அது.

"தாகமா இருக்காடா செல்லம்?" தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஞ்சுவின் பழைய கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து படத்தின் முன்னால் வைத்தாள்.

சளப்... சளப்...

இரண்டு பேர் கண்ணெதிரே கிண்ணம் வற்றியது.

"தண்ணி இல்லாமத்தான் செத்துச்சா? எங்க வச்சுப் பூட்டினேக்கா?"

"மாடியில..."

தங்கை கத்தவில்லை. படத்தைக் காகிதத்தில் சுற்றி அக்கா மடியில் வைத்தாள்.

"நீயே வச்சுக்கோ. தண்ணி வைக்க மட்டும் மறந்துடாதே."

அன்று ராத்திரிதான் என்னிடம் வந்து எல்லாம் சொன்னாள். மறுநாள் நான் வெளியூர் கிளம்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், அவள் வாசலில் கூட்டம். வாசல் கதவு உள்பக்கம் தாழ். உடைத்துக்கொண்டு போனோம்.

வரைகிற அறை மட்டும் வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது.

உள்ளே அவள் கிடந்தாள். கதவில் நகக் கீறல்கள். தாகத்தில்தான் உயிர் போயிருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு டம்ளரும் காலி. அழுக்குத் தண்ணீர் டம்ளர்கூட... அவள் உதட்டில் நீலக் கலர் காய்ந்திருந்தது.

படத்தில் பஞ்சு வாயை மூடியிருந்தது.

அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது.