முந்திரிக் காட்டுக் கண்ணாடி

உடையார்பாளையத்துப் பக்கம் முந்திரிக் காட்டில் ஆடு தேடிப் போன எனக்கு எதிரே, தலையில்லாத லுங்கி ஒன்று நடந்து வந்தது. நின்றேன், அதுவும் நின்றது. குனிந்து பார்த்தால் என் முகம்!

"தள்ளிக்குங்கண்ணே, மயிலு வர்ற நேரம்" என்றது கண்ணாடி.

பின்னாலிருந்து ஒல்லியான ஆள் ஒருவர் எட்டிப் பார்த்தார். காக்கிச் சட்டை, வாயோரத்தில் விசில். லீவு நாளிலும் இரண்டையும் விடாத மினிபஸ் கண்டக்டர். மயிலைப் படம் எடுப்பதற்காக, சலூனில் கழித்துப்போட்ட கண்ணாடிகளைச் சவுக்குக் கழிகளில் கட்டி மறைப்பு போட்டிருந்தார். நடுவே ஒரு சந்தில் கேமரா மூக்கை நீட்டியிருந்தது.

"நேரா நிறுத்துனா வானம் தெரிஞ்சு காட்டிக்குடுத்துடும்ணே. முன்னால சாச்சுட்டா தரைதான் தெரியும். நாம இருக்குறதே மயிலுக்குத் தெரியாது."

என்னையும் உள்ளே இழுத்து உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஆண் மயில் வந்தது. எங்களை அது பார்க்கவில்லைதான். ஆனால் கண்ணாடிக்குள் இன்னொரு மயிலைப் பார்த்துவிட்டது. பாய்ந்து பாய்ந்து உதைத்ததில் மறைப்பே ஆடியது. கண்ணாடி உடைந்தால் மயிலின் காலைக் கிழித்துவிடுமே என்று பதறியவர், தொழில் பழக்கத்தில் விசிலை இரண்டு தரம் ஊதி, "போலாம் ரைட்!" என்று கத்தினார். மயில் போயே விட்டது.

"அப்ப படம்?" என்றேன்.

கேமராவைக் காட்டினார். அதில் வாயைப் பிளந்துகொண்டு குனிந்து நிற்கிறேன் நான்.

"இன்னிக்கு ரெண்டு பேரு வந்தீங்கண்ணே. நீங்க உதைக்கல, அவ்ளோதான்."

ஆட்டையும் மறந்து சிரித்தபடி வந்துவிட்டேன். அந்தப் படத்தை அழித்தாரா, இல்லை பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாரா என்பதுதான் இன்னும் தெரியவில்லை.