சரிந்த தோள்

"படத்துக்கு ஏதும்மா முதுகு? அதப் பாத்து நீ என்னத்தச் செல செய்வ?" என்று கேட்டார் எங்கள் ஊர் நெசவாளர் சங்கத் தலைவர். சங்க வாசலில் தறிக்காரி சிலை ஒன்று வைக்கப்போவதாக அப்போது பேச்சு. போட்டோ பார்த்து நான் செய்து தருகிறேன் என்று போய்க் கேட்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் மிதித்தவள் நான். சிலை செய்யவும் படித்துவிட்டு வந்திருந்தேன். அந்தத் திமிரில், "நாலு பக்கமும் படம் எடுப்பேங்கய்யா" என்றேன்.

இது நினைவுக்கு வரக் காரணம், போன மாதம் பேகம்பூரில் போட்டோக்கார பாயின் ஸ்டுடியோ வாசலில் கிடந்த ஸ்லைடு மிஷின். சினிமாக் கொட்டகையில் இடைவேளை விளம்பரம் காட்டிய மிஷின் அது. ஸ்டுடியோ இப்போது வீடியோ கேசட் கடையாகிவிட்டது. சும்மா சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். பல்புச் சூட்டில் தூசி கருகும் வாசனை வந்தது. கூடவே ஈரக் களிமண் வாசனையும் வந்தது. என் மூக்குக்கு வருஷக் கணக்கு தெரியாது.

கல்லூரியில் மாடலுக்குக் கூலி கொடுத்து உட்காரவைப்பார்கள். எனக்கு அக்கா இருந்தாள். அவளும் தறியை விட்டு எழுந்தால் அன்றைக்குக் கஞ்சி இல்லை. அதனால் அவள் நெய்யும்போதே, பாய் ஒரே தூரத்தில் நின்று நாலு பக்கமும் படம் பிடித்தார். அவற்றைக் கண்ணாடி ஸ்லைடாக்கி, மிஷினையும் இரவல் தந்தார். "ரொம்ப நேரம் எரிய விடாதம்மா, படம் வெந்துரும்."

ஜன்னலைச் சாக்கால் அடைத்தேன். பிடித்து வைத்திருந்த களிமண் மேலேயே படத்தை விழவைத்து, குச்சியால் ஓரம் கீறினேன். மண்ணைக் கால்வட்டம் திருப்பி அடுத்த ஸ்லைடு. முதுகுப் படத்தில் வலது தோள் இறங்கியிருந்தது. பாய் கேமராவைச் சாய்த்துவிட்டார் என்று மனதுக்குள் திட்டினேன். பிறகு பார்த்தால், அதே படத்தில் தறிக்கால் செங்குத்தாக நின்றது. சாய்ந்திருந்தது அக்காதான்.

கஞ்சிச் சட்டியோடு அவளே உள்ளே வந்தாள். மண்ணில் விழுந்திருந்த முதுகைப் பார்த்து, "அம்மாவ எப்படி படம் பிடிச்ச?" என்றாள்.

"அது நீதாங்க்கா."

கிட்டே வந்து பார்த்தாள். "இம்புட்டு கூனியாவா இருக்கேன்?" என்று சிரித்தாள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம்தான் அவளைத் தறியில் உட்காரவைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சங்கத்தார் பார்க்க வந்தார்கள். தலைவர் சிலையைச் சுற்றி வந்தார். "முதுகு வந்திருச்சு, ஒத்துக்கிறேன். ஆனா சீக்காளி மாதிரில்ல இருக்கா. நிமித்திக் குடு, வேலை ஒனக்குத்தான்."

"அவ அப்படித்தாங்கய்யா இருக்கா."

"எவ எப்படி இருக்கான்னு கேக்கல. வாசல்ல இருக்கிறவ லட்சணமா இருக்கணும்."

நிமிர்த்த அரை நாள் வேலைதான். கை போகவில்லை. வேலை வெளியூர்க்காரருக்குப் போனது. இன்று அந்த வாசலில் ரோஸ் கலர் சேலையில் ஒரு சிமெண்ட்டுப் பெண், தறியில் ஓடும் நாடாவைப் பூப்போலப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஒரு நாள்கூட அவள் தறியில் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

என் களிமண் காய்ந்து பிளந்து போனது. தறியை விற்று, கால் இறக்கி நெய்த குழியையும் மூடியாயிற்று. அக்கா இப்போது நூல் மில்லுக்குப் போகிறாள், நின்றே செய்யும் வேலை. "இப்பவாச்சும் நிமிந்திருக்கேனா, பாரு" என்பாள். நிமிரவில்லை.

மிஷினைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்துவிட்டேன். ஸ்லைடுகள் என்னிடமே இருந்தன. இந்த முறை ஆள் அளவு, யாரும் கேட்காத சிலை. தறிக்குழி இருந்த இடத்தில் நேற்று சிலைக்கு எலும்பாகக் கம்பி நட்டேன். வலது தோள் கம்பியைச் சரித்துத்தான் வளைத்திருக்கிறேன்.