மட்டைக்காரி

களக்காட்டுக்குத் தெற்கே, மலையடிவாரத்துக் கால்வாயை ஒட்டிய ஊரில் போய் இசக்கிச்செல்வி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். மட்டைக்காரி வீடு என்று கேட்டால் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அம்மா அப்பா வைத்த பெயர் போய், ஊர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

வாழையில் இலைக்கு விலை உண்டு, பூவுக்கு உண்டு, தண்டுக்கு உண்டு. தாருக்குக் கேட்கவே வேண்டாம், கேரளாவிலிருந்து லாரி வந்து நிற்கும். தார் வெட்டிய பிறகு மொட்டையாக நிற்கிற மரத்தைத்தான் யாரும் சீந்துவதில்லை. வெட்டிப் போட்டால் வரப்போரம் கிடந்து அழுகும். அந்த மரத்தைப் போய் ஒருத்தி, "அண்ணாச்சி, இந்த மட்டைய நான் எடுத்துக்கிடட்டா?" என்று வீடு வீடாகக் கேட்டால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? நன்றாகவே சிரித்தது.

அதற்கு முன்பு செல்வி தார் சுமக்கிறவள். ஏத்தன் வாழைத் தாரைத் தலையில் வைத்துக்கொண்டு வழுக்குகிற வரப்பில் நடந்து போய் லாரியில் ஏற்றுவாள். கழுத்தெலும்பு தேய்ந்து, இனி தலையில் சுமை வைத்தால் கை விளங்காமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் செந்தூர்பாண்டி லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தங்கமான மனுஷன், சம்பாத்தியம்தான் தகரம். அந்தச் சமயத்தில் மகளிர் குழுவில் நார் உரிக்கிற எந்திரம் வந்திருக்கிறது, யார் எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "எனக்குக் கழுத்து வலி, குனிய முடியல. அதான் எந் தலையில கட்டிட்டாவ" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

வேலை ஒன்றும் மந்திரம் இல்லை. மரத்தை மட்டை மட்டையாக உரித்து, நாலு விரல் அகலத்துக்குக் கீறி, ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு மறுநுனியை எந்திரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்ளே சுற்றுகிற உருளை சதையை வழித்துத் தள்ளிவிடும். வெளியே இழுத்தால் நார் வரும். பிறகு திருப்பிப் பிடித்து மற்றப் பாதியைக் கொடுக்க வேண்டும். அலசி நிழலில் காயப்போட்டால் பட்டு நூல் போல மினுங்கும். பை பின்னுகிறவர்களும் பாய் நெய்கிறவர்களும் வந்து வாங்கிப் போவார்கள். நார் வெள்ளையாக இருக்கலாம், உரிக்கிறவள் சேலை இருக்காது. வாழைக்கறை பட்டால் பட்டதுதான். இன்னொன்று, வெட்டிய மட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் தாண்டினால் நார் கறுத்துவிடும்.

முதன்முதலில் அவளுக்கு மட்டை கொடுத்தவர் கால்வாயோரத் தோட்டக்காரர் இசக்கியப்பன். டீக்கடையில் சிரித்தவர்களைப் பார்த்து, "நாம தூரப் போடுதத எடுத்து ஒருத்தி பொழைக்கா. ஒங்களுக்கு எங்கவே வலிக்கு?" என்று கேட்டவரும் அவர்தான். அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணாச்சி, அவர் மனைவி ஆறுமுகத்தாய் மைனி. கூடப்பிறந்த அண்ணன் இருந்திருந்தால்கூட இவ்வளவு உரிமையோடு அந்த வீட்டு அடுப்படி வரை போயிருப்பாளா என்பது சந்தேகம்.

இந்தத் தொழிலில் வெளியே சொல்ல முடியாத சங்கடம் ஒன்று உண்டு. கோடையில் மலைப்பக்கமிருந்து சூறைக்காற்று இறங்கும். தார் பாரம் தாங்காமல் நிற்கிற வாழையெல்லாம் சாய்ந்துவிடும். விவசாயிக்கு அது வயிற்றில் அடி. மட்டைக்காரிக்கோ அன்றைக்கு வேலை கொட்டிக் கிடக்கும். இதைப் பற்றிச் செல்வி யாரிடமும் பேசியதில்லை. பேசாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா?

இந்தச் சித்திரையில் அறுவடை பிந்திப்போனது. மட்டை இல்லாமல் கொட்டகையில் எந்திரம் சும்மா நின்றது. கூட வேலை பார்க்கிற பெண்கள் எத்தனை நாள்தான் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்? கூடங்குளம் பக்கம் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், திங்கட்கிழமை வேன் வருமாம், நாங்கள் போகிறோம் என்று அவர்களில் ஒருத்தியான ஸ்டெபிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர்கள் போய்விட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். உரிக்க, கீற, அலச, காயப்போட என்று ஒருத்தியால் ஆகிற வேலையா அது?

அந்த வாரத்திலேயே ஒருநாள் சாயங்காலம் காற்று வந்தது. கொட்டகைத் தகரம் தடதடவென்று அடித்தது. ஸ்டெபி எட்டிப் பார்த்துவிட்டு, "யக்கா, இனி மட்டைக்குப் பஞ்சமில்ல" என்றாள்.

"வாய மூடுட்டி!" என்று செல்வி சீறினாள். ஸ்டெபி முகம் சுண்டிப்போனது. பாவம், அவள் சொன்னதில் தப்பில்லை. செல்வி மனசுக்குள் நினைத்ததை அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

காற்று ஊரெல்லாம் சுற்றவில்லை. கால்வாயோரம் மட்டும் ஒரு பட்டையாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. விழுந்தது இசக்கியப்பன் தோட்டம்.

அந்தப் பக்கத்தில் குலை தள்ளிய வாழை விழுந்தால், இழவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போவது போலவே போய்ப் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் செல்வியும் போனாள். இசக்கியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆறுமுகத்தாய் அவருக்கும் வாசலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். செல்வி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆறுமுகத்தாய் கொடுத்த காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கி வந்துவிட்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. மற்ற எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும், வாழை விழுந்த வீடானாலும், "போயிட்டு வாரேன்" என்று சொல்ல வேண்டும். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் சொல்லக் கூடாது. அப்படி ஒரு காரியத்துக்கு மறுபடி யாரும் வர வேண்டாம் என்பதால். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. செல்விக்குத் தெரியாமலா இருக்கும்?

மத்தியானம் ஸ்டெபி ஓடிவந்தாள். "யக்கா, அங்கன என்ன செஞ்சிட்டு வந்திய? ஆறுமுகத்தாய் அத்த தலையில அடிச்சிட்டு அழுதாவ. 'எழவு வீட்டுல இருந்து எந்திரிச்சுப் போற மாதிரி சொல்லாமப் போயிட்டாளே'ன்னு. அந்த மாமா, 'விழுந்தது என் வாழதான், நான் இன்னும் விழலன்னு அவகிட்டச் சொல்லு. மட்டை அங்கனயே கெடந்து அழுகட்டும், அவ ஒண்ணத் தொடக்கூடாது'ன்னு சொல்லிட்டாவ."

செல்வி திண்டாடிப்போனாள். மட்டை போனால் கொட்டகை போகும். அது கூடப் பரவாயில்லை என்று இருந்தது. தூக்கிவிட்ட மனுஷனை உயிரோடு இருக்கும்போதே செத்தவராக்கிவிட்டு வந்த பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? ராத்திரி புருஷனிடம் சொன்னாள். செந்தூர்பாண்டி, "நேரப் போய்ப் பேசு. நாலு ஏச்சு ஏசினா வாங்கிக்க" என்றார்.

விடிந்ததும் போனாள். இசக்கியப்பன் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். பாதி விளைந்த தார்கள் மண்ணில் புதைந்து கிடந்தன.

"எதுக்கு வந்த? மட்டைக்கா?"

"மட்டைக்கு வரல, அண்ணாச்சி."

"பெறவு?"

"காத்தடிச்சப்போ எனக்கு ஒரு நிமிசம் சந்தோசமா இருந்துச்சு. அதச் சொல்லத்தான் வந்தேன்." அவள் அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "ஒங்க தோட்டம்னு அப்பத் தெரியாது. ஆனா யாரோ ஒருத்தர் தோட்டம்தான? மைனிகிட்ட 'போயிட்டு வாரேன்'னு சொல்ல வாயெடுத்தேன், வரல. மறுபடி வந்தா நான் எதுக்கு வருவேன்? மட்டைக்குத்தான வருவேன்! அத எப்படிச் சொல்லுவேன்? வேற ஒண்ணும் மனசுல இல்ல, அண்ணாச்சி. இசக்கியம்மன் மேல சத்தியம்."

அவர் திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து காலடியில் கிடந்த மரத்தைப் புரட்டிப் போட்டார். அடியில் நசுங்கிக் கிடந்த கன்று ஒன்று பைய நிமிர்ந்தது. அதைச் சுற்றிக் கையால் மண்ணை அணைத்தார்.

"ஒன் ஆளுவ எங்க?" என்றார்.

"கொட்டகையில இருக்காளுவ."

"வரச் சொல்லு. வெட்டும்போது பாத்து வெட்டச் சொல்லு. ஒவ்வொரு மரத்து மூட்டுலயும் கன்னு நிக்கி. எவளாவது கன்ன மிதிச்சா கால ஒடிச்சிருவேன். நல்லதா ஒண்ண விட்டுட்டு மத்தத எடுத்துட்டா, அடுத்த சித்திரைக்குத் தாரு வெட்டிப்புடலாம்."

செல்வி கொட்டகைக்குப் போகவில்லை. நேரே அவர் வீட்டுக்கு ஓடினாள். ஆறுமுகத்தாய் வாசலில் நின்று தோட்டத்துப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முகம் இறுகியது.

"மைனி, கன்ன மிதிக்கக் கூடாதுன்னு அண்ணாச்சி சண்ட போடுதாவ."

"என்ன சொன்னாவ?"

"கன்ன விட்டா அடுத்த சித்திரைக்கு வெட்டலாமாம்."

"அவிய வாயாலயா சொன்னாவ? அடுத்த சித்திரைன்னா?"

"அவிய வாயாலதான், மைனி."

ஆறுமுகத்தாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்த வேகத்தில் சத்தம்கூட வரவில்லை. செல்வி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுது ஓய்ந்ததும் ஆறுமுகத்தாய் தெருவை இருபுறமும் பார்த்தாள். பிறகு இடுப்பில் சேலை மடிப்புக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய சின்ன பாட்டில் ஒன்றை எடுத்தாள். வாழைக்குப் பூச்சி விழுந்தால் அடிக்க வாங்கி வைத்திருந்த மருந்து.

"காத்தடிச்சதுல இருந்து அவிய கைக்கு எட்டாம இத இடுப்புலயே வச்சிக்கிட்டுக் கெடக்கேன், செல்வி" என்றாள். "படுக்கும்போதும் எடுக்கல. இனி நீ கொண்டுபோ."

செல்வி வாங்கிக்கொண்டாள். பாட்டில் வெதுவெதுவென்று உடம்புச் சூட்டோடு இருந்தது.