உறையாத சோப்பு

தங்கையாவை விஞ்ஞானி என்று சொல்ல வேண்டுமானால் முதலில் விஞ்ஞானத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். பண்டாரவளைத் தோட்டமொன்றில் பிறந்து, கப்பலேறி வந்து, தாயகம் திரும்பியவர்களுக்கான மண்டபம் முகாமில் மூன்று மாதம் வரிசையில் நின்று, கடைசியில் சேரங்கோட்டுக்கு அந்தப் பக்கம் கிளன்டோரா எஸ்டேட்டில், கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தின் ஓரறையில் வந்து விழுந்தவர் அவர். ஐம்பத்திரண்டு வயதுக்குள் மனித குலத்துக்கு அவர் வழங்கியிருந்த கொடைகள் மூன்று. எலி உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக வெளியே வரும் எலிப்பொறி. வெயிலில் மட்டும் ஒழுகாத குடை. புகையைத் துளியும் வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே சேமித்து வைக்கும் அடுப்பு. அந்த அடுப்பைப் பார்க்கக் கீழ் லயத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அழுதுகொண்டே திரும்பினார்கள்.

இப்படிப்பட்டவர் தம் பாட்டுக்குத் தேயிலை ஃபேக்டரியில் ட்ரையருக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தவரை உலகத்துக்கு ஆபத்தில்லை. இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை சரிந்தது. சரிந்த வேகத்தில் ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டு, பறிக்கும் கொழுந்தை வெளியே விற்கத் தொடங்கினார்கள். விறகுக்காரர் வீட்டுக்கு வந்தார். அதாவது, ஆபத்து வீட்டுக்கு வந்தது.

விலை சரிந்ததற்கு உலகச் சந்தைதான் காரணம் என்று பேப்பர்கள் எழுதின. எஸ்டேட் மேனேஜரான கிளன்டோராத் துரை அதை நம்புகிற ஆள் இல்லை. பங்களா வராந்தாவில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்து உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல் மெதுவாக ஓடுகிறது. உடனே, காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

தோட்டத்துக் கணக்கில் ஒரு நாள் வேலை என்பது ஒரு 'பேர்'. முப்பது கிலோ கொழுந்து நிறுத்தால் முழுப்பேர். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர். ஒரே மாதத்தில் ஆறு அரைப்பேர் விழுந்தவர்களின் பெயரையே எஸ்டேட் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். புத்தகத்தில் பெயர் இல்லாத குடும்பம் ஒரு வாரத்துக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும்.

தங்கையாவின் பெயரை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. ஆக அந்த ஓரறை வீடு, புகை அடுப்பு, எலிப்பொறி, அதில் விருந்துண்ணும் எலி எல்லாமே கருப்பம்மாவின் பெயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கின. கருப்பம்மா அவர் பெண்சாதி.

கருப்பம்மாவின் விரல் ஓடக்கூடிய விரல்தான். ஓடாதது கால். ஆனி மாத மழை தொடங்கினால் அந்தப் பக்கத்துத் தேயிலைக் காட்டில் இலைக்கு ஓர் அட்டை. சும்மா நின்றால் கால்வழி ஏறும். நடந்தால் இன்னும் ஆசையாக ஏறும். நாலு செடிக்கு ஒருதரம் நின்று, குனிந்து, கெண்டைக்காலிலிருந்து பிய்த்து எறிந்துவிட்டுத்தான் அடுத்த கொழுந்தைத் தொட முடியும். உப்புத் தடவினால் மழை கழுவிக்கொண்டு போகும். புகையிலையும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசினால் அரை மணி நேரம் தாங்கும். போதாக்குறைக்கு அவளுடைய இடது கணுக்காலில் பழைய அட்டைக்கடி ஒன்று ஆறாத புண்ணாக இருந்தது. மாதம் பிறந்து பத்து நாளைக்குள் மூன்று அரைப்பேர்.

"துரைக்கி அட்டைய பத்தி சொல்லலாமுல்ல?" என்று கங்காணி சுடலைமுத்துவிடம் கேட்டாள்.

"சொன்னேன்த்தா. 'அட்டை எஸ்டேட் சொத்து இல்ல, அதுக்கு நான் பொறுப்பு இல்ல'ன்னுட்டாரு."

குடும்பம் தெருவுக்கு வரும் நிலையில் ஓர் ஆண்பிள்ளை என்ன செய்வான்? மண் சுமக்கப் போவான், மரம் வெட்டப் போவான். தங்கையா சிந்திக்கப் போனார். சிந்திப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ஒன்பதாம் நம்பர் காடு.

அது எஸ்டேட் கைவிட்ட காடு. கூலிக்குக் கட்டாது என்று இரண்டு வருஷமாக அங்கே யாரும் கவாத்து வெட்டவில்லை, கொழுந்து எடுக்கவில்லை. விரல் படாத தேயிலைச் செடிக்குத் தான் ஒரு மரம் என்ற ஞாபகம் வந்துவிடும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, வெள்ளையாகப் பூத்து, காய்த்து, கொட்டை கொட்டையாக உதிர்ந்து கிடந்தது. தேயிலை காய்க்கும் என்பதே கிளன்டோராவில் பாதிப் பேருக்குத் தெரியாது. காய்க்க விட்டால்தானே தெரிவதற்கு?

தங்கையா ஒரு கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்தார். விரலில் பிசுக்கென்று எண்ணெய் ஒட்டியது. அந்தக் கணமே மகாத்மியம் தொடங்கிவிட்டது.

"இந்தா புள்ள, இனிமே தாளிக்க எண்ணெ வாங்கவே வேணாம்!" என்று ஒரு சாக்குக் கொட்டையோடு வந்து நின்றார்.

உரலில் இடித்து, வெந்நீரில் போட்டு, மேலே மிதந்ததை வழித்தெடுத்து அன்றைக்குப் பூசணிக்காய்க் குழம்பு தாளித்தார்கள். பக்கத்து வீட்டுப் பாலாமணிக்கும் ஒரு கிண்ணம் போயிற்று, பெருமைக்காக. குழம்பு வேப்பங்காயைத் தம்பி என்று கூப்பிடும் கசப்பு. சாப்பிட்ட இரண்டு குடும்பமும் மறுநாள் முழுக்கப் புதருக்கும் வீட்டுக்குமாக நடந்தது. நடந்த நடையில் கருப்பம்மாவுக்கு நாலாவது அரைப்பேர்.

"ஏண்ணே, துரை ஒரு அரைப்பேரு போட்டா, நீ ஒரு அரைப்பேரு போடுறியே, ஒனக்கும் கம்பெனியில பங்கு இருக்கா?" என்று பாலாமணி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். குரலில் இன்னும் தெம்பு வரவில்லை.

வேறொரு மனிதர் அத்தோடு விட்டிருப்பார். விடாமுயற்சி என்பது ஒரு வியாதி. அது வந்தவர்களை விட்டுச் சுலபத்தில் போகாது. எண்ணெய் எடுத்த சக்கையைக் கொட்டப் போனபோது, அது மழைத்தண்ணீரில் பட்டு நுரைத்ததைத் தங்கையா பார்த்துவிட்டார். சீயக்காய் வெட்கப்படும் நுரை. எண்ணெய் இல்லையா, போகட்டும், சோப்பு!

சோப்பு எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியாது. தெரியாதது ஒரு தடை என்று அவர் எந்தக் காலத்திலும் கருதியதில்லை. வெல்லப்பாகு காய்ச்சினால் உறைகிறது, பால்கோவா கிண்டினால் உறைகிறது, ஆகவே சோப்பும் கிண்டக் கிண்ட உறைந்தே தீர வேண்டும். இதுதான் அவர் அறிந்த வேதியியல். கொட்டைத் தூளைப் பானையில் போட்டுக் கொதிக்க வைத்து, புகை அடுப்பின் முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிண்டினார்.

முதல் பானை உறையவில்லை. இரண்டாவதில் சுண்ணாம்பு சேர்த்தார், உறையவில்லை. மூன்றாவதில் மைதா மாவு சேர்த்தார். அது உறைந்தது, ஆனால் பசையாக. லயத்தில் யார் வீட்டுக் காலண்டரோ கிழிந்திருந்ததை ஒட்டிக் கொடுத்து அந்தப் பானையின் கணக்கைத் தீர்த்தார். நாலாவதில் சாம்பல். ஐந்தாவதில் வெந்தயம், ஏன் வெந்தயம் என்று அவரைக் கேட்டவர்கள் பதில் கிடைக்காமல் வருந்தினார்கள்.

உறையாத பானைகளை லயத்துக்குப் பின்னாலிருந்த வாய்க்காலில் ஊற்றினார். ஊற்றிய இடத்தில் வாய்க்கால் ஓரமெல்லாம் அட்டைகள் சுருண்டு விழுந்து செத்துக் கிடந்தன. ஒன்றிரண்டல்ல, கைப்பிடி கைப்பிடியாக. தங்கையா குனிந்து, நன்றாகப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், ஓர் ஆராய்ச்சியாளருக்குரிய நிதானத்தோடு முடிவுக்கு வந்தார்.

"சீ, என்னா கெட்ட தண்ணி. அட்டைக்கே ஒத்துக்கல."

பிறகு ஆறாவது பானைக்கு விறகு பொறுக்கப் போய்விட்டார்.

இதற்குள் கருப்பம்மாவுக்கு ஐந்தாவது அரைப்பேர் விழுந்துவிட்டது. மாதம் முடிய இன்னும் பதினோரு நாள். அன்றைக்குச் சாயங்காலம் சுடலைமுத்து வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், "இன்னும் ஒண்ணுதான்த்தா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். கருப்பம்மா தகரப்பெட்டியைத் திறந்து, மண்டபம் முகாமில் கொடுத்த அடையாள அட்டையையும் துணிமணியையும் எடுத்து ஒருதரம் அடுக்கிப் பார்த்தாள். கட்டினால் எத்தனை மூட்டை வரும் என்று. இரண்டுதான் வந்தது. தங்கையா அதைப் பார்த்தார். கிண்டிக்கொண்டிருந்த கை ஒரு நிமிஷம் நின்றது. ஆறாவது பானை அடிபிடித்தது அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

மறுநாள் காலையில் துவைக்க வீட்டில் சோப்பு இல்லை. கணவன் ஒரு வாரமாகச் சோப்புத் தயாரிக்கும் வீட்டில் வேறென்ன இருக்கும்? இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கும் காலில் சுற்றும் துணியும் சேறும் ரத்தமுமாக நாறின. கருப்பம்மா எரிச்சலில் அந்த அடிபிடித்த பானையிலேயே அவற்றை முக்கி எடுத்தாள். அலசினாள், நுரை போகவில்லை. பெரட்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. நுரையோடு பிழிந்து கட்டிக்கொண்டு ஓடினாள்.

அன்று மத்தியானம் வரை அவள் ஒருதரம்கூடக் குனியவில்லை. குனியாததை அவளே வெகு நேரம் கவனிக்கவில்லை. அட்டை ஏறும், கால்துணியைத் தொடும், தொட்டதும் முறுக்கிக்கொண்டு கீழே விழும். தராசில் முப்பத்தாறு கிலோ.

மறுநாளும் அதே பானையில் முக்கிக் கட்டிக்கொண்டு போனாள், முப்பத்தேழு. மூன்றாம் நாள் கண்டக்டர் கொர்னேலியஸ் தராசடிக்கே வந்துவிட்டார். கொழுந்து மேற்பார்வை அவர் பொறுப்பு. சந்தேகம் அவர் பொழுதுபோக்கு.

"எந்தா கருப்பம்மா? மூணு நாள் முன்னாடி வரைக்கும் ஆமை, இப்ப மொயலா? யாரோட சாக்குலேர்ந்து அள்ளுற?"

"எந்தச் சாக்கும் இல்லீங்க. கால்ல அட்ட ஏறல. அம்புட்டுத்தான்."

"பெரிய கண்ணகி! அட்ட ஒன்னய கண்டா ஒதுங்கிப் போவுதாக்கும்?"

"கண்டக்டர் ஐயா, ஒங்க காலப் பாருங்க," என்றாள் கருப்பம்மா.

கொர்னேலியஸ் பார்த்தார். அவருடைய காக்கிச் சாக்ஸுக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே, கட்டைவிரல் கனத்தில் ஒன்று குடித்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் உத்தியோகம் மறந்து, "ஐயோ, எடு, எடு!" என்று ஒற்றைக்காலில் ஆடினார். கருப்பம்மா படங்கின் ஈர நுனியால் லேசாகத் தொட்டாள். அட்டை சுருண்டு கொழுந்துச் சாக்கின் மேல் விழுந்தது. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் தராசு முள் ஆடியது என்பார்கள்.

அன்று மாலையே தங்கையா துரை பங்களாவுக்கு அழைக்கப்பட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வராந்தாவில் ஏறினார். கையில் ஒரு பாட்டில்.

"இதுதான் அந்த அட்டை மருந்தா?" என்றார் துரை.

"இல்லீங்க தொரை. சோப்பு."

"அட்டை சாகுதாமே?"

"அது சாவுதுங்க. அத விடுங்க. சோப்புதான் இன்னும் ஒறையல. ஒரு வாரம் டைம் குடுத்தீங்கன்னா..."

கொர்னேலியஸ் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். தங்கையா அசையவில்லை. உலகமே அவர் கண்டுபிடித்ததைக் கையில் ஏந்தி நிற்க, கண்டுபிடிக்காததற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

துரை அன்றே தலைமை ஆபீசுக்குக் கடிதம் எழுதினார். 'எஸ்டேட் நிர்வாகத்தின் நீண்டகால ஆராய்ச்சி' என்று தொடங்கிய அந்தக் கடிதத்தில் தங்கையா இல்லை, கருப்பம்மா இல்லை, அட்டைக்கு மட்டும் உரிய இடம் தரப்பட்டிருந்தது. தேயிலையில் போனதைக் கொட்டையில் பிடிக்கலாம் என்று கம்பெனி மகிழ்ந்தது. டைரக்டர் நேரில் வருவதாகவும், ஒன்பதாம் நம்பர் காட்டைப் பார்வையிடுவதாகவும் பதில் வந்தது.

அங்கேதான் துரைக்கு வேர்த்தது. டைரக்டர் வருகிறார், ஒன்பதாம் நம்பரோ புதர். ஒழுங்காக வைத்திருக்க வேண்டிய காட்டை இப்படியா காட்டுவது? மறுநாள் காலைப் பெரட்டில் உத்தரவு வந்தது: பத்து ஆள் போட்டு, ஒன்பதாம் நம்பர் முழுவதையும் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து வெட்டி, வெட்டியதைக் குவித்து எரிக்க வேண்டும்.

"தொரை, கொட்டை அதுலதானே இருக்கு..." என்று சுடலைமுத்து ஆரம்பித்தார்.

"காடு சுத்தமா இருக்கணும்," என்றார் துரை.

கங்காணி வாயை மூடிக்கொண்டார். முப்பது வருஷ சர்வீஸில் அவர் கற்ற ஒரே கலை அது. ஆனால் உத்தரவைக் கேட்ட பெண்களில் ஒருத்திக்குத் துரையைவிட மூளை இருந்தது. வேலை விட்டதும் கருப்பம்மா, பாலாமணி, இன்னும் நாலு பேர் விறகு பொறுக்கப் போகிறவர்களைப் போல ஒன்பதாம் நம்பருக்குள் நுழைந்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஆளுக்கொரு சாக்குக் கொட்டை லயத்துக் கட்டில்களுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

டைரக்டர் வந்தார். மொட்டைக் கட்டைகளும் சாம்பலுமாக, கோடு போட்டதுபோல் சுத்தமான ஒரு காட்டைப் பார்த்தார்.

"கொட்டை எங்கே?"

துரை சாம்பலைப் பார்த்தார். கொர்னேலியஸ் மேகத்தைப் பார்த்தார். ஆராய்ச்சி அந்த இடத்திலேயே முடிவுற்றது. திரும்பிக் காருக்குப் போகும் வழியில் டைரக்டரின் கணுக்காலில் அட்டை இரண்டு ஏறின என்றும், அவற்றை எடுக்கத் துரையே மண்டியிட்டார் என்றும், பாட்டில் பங்களாவில் மறந்துபோயிருந்தது என்றும் லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

மாதக் கடைசி நாள் தராசடியில் சுடலைமுத்து புத்தகத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "கருப்பம்மா, முழுப்பேரு!" அரைப்பேர் ஐந்தோடு நின்றது. தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்த இடத்திலேயே இருந்தது, கொட்டைச் சாக்குக்குப் பக்கத்தில்.

கருப்பம்மா வீட்டுக்கு வந்தபோது தங்கையா புகைக்கு நடுவில் உட்கார்ந்து பதினோராவது பானையைக் கிண்டிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பிரகாசம்.

"இந்தா புள்ள, இந்தவாட்டி லேசா இறுகுற மாதிரி இருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் கிண்டுனா..."

கருப்பம்மா படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்து, ஒரு செம்புத் தண்ணீரைப் பானைக்குள் கவிழ்த்தாள்.

"நீங்க கிண்டுங்க," என்றாள். "நல்லாக் கிண்டுங்க. ஆனா ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், மழை விடுற வரைக்கும் இந்த எழவு ஒறஞ்சிட மட்டும் கூடாது."